வேலிக்கு வெளியே மூன்று பிடி சோறு

வியாழக்கிழமை காலைப் பெரட்டில் ஆள் எல்லாம் கூடியும் துரை யாருக்கும் வேலை பிரிக்கவில்லை.

பனி விலகாத நேரம். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடி பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் கவாத்துக் கத்தியோடு பின்னால் நின்றார்கள். துரையின் காலடியில் ஒரு சாக்கு விரித்திருந்தது. சாக்கின் மேல் முட்டைக்கோஸின் வெளி இலை ஒன்று. இலையில் ஒட்டிய நாலைந்து சோற்றுப் பருக்கை. பக்கத்தில், பாதி குடித்து நசுக்கி அணைத்த ஒரு சுருட்டு.

துரை இங்கிலீஷில் பேசினார். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி செல்லையா அதைத் தமிழில் சொன்னான். அதுதான் வழக்கம். துரை வந்து எட்டு மாதம் ஆகிறது. 'வா', 'போ', 'சீக்கிரம்' தவிர அவர் வாயில் யாரும் தமிழ் கேட்டதில்லை. பரீட்சைக்குத் தமிழ் படிக்கிறார் என்று பங்களா சமையல்காரன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

"விடியக்காலை ரோந்து போனவங்க இதைக் காய்கறித் தோட்டத்து வேலிக்கு வெளியே எடுத்திருக்காங்க," என்றான் செல்லையா. "பக்கத்துல பூட்ஸ் தடம் இருக்கு. காட்டுலேர்ந்து வந்து, காட்டுக்கே போயிருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ் ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள சோறு வெச்சது யாருன்னு தெரியணும். தெரியலேன்னா..."

அவன் நிறுத்தினான். துரை அவனைப் பார்த்தார்.

"தெரியலேன்னா தோட்டத்தை அழிச்சு, வேலியை லயத்து வீடுங்க ஓரமா இழுத்துப் போடச் சொல்லியிருக்காரு. நாளைக்கு லோரி கிடையாது."

குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. போன வருஷம் மனைவி சரோஜா செத்துப்போன பிறகு அவன் குரல் அப்படித்தான். சாவுச் செய்தியும் ரேஷன் செய்தியும் அதில் ஒன்றுபோலவே வரும்.

வரிசையில் ஒரு பெண் மட்டும் "ஐயோ" என்றாள். அவள் புருஷனின் பேரை மூன்று மாதம் முன்பு வேலைப் பதிவிலிருந்து வெட்டியிருந்தார்கள்.

*

அந்தத் தோட்டத்துக்காக ஒன்பது மாதம் இழுபறி நடந்திருந்தது. தேயிலை விலை இறங்கியதும் ஆள் குறைப்பு வந்தது. வயசானவர்கள் பேரை முதலில் வெட்டினார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். பன்னிரண்டு குடும்பங்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றன.

தேயிலை பிடிக்காத ஒரு சரிவு கீழே சும்மா கிடந்தது. மழைக்கு மேல்மண் எல்லாம் ஓடிப்போன இடம். சரோஜா உயிரோடு இருந்தபோது அங்கே நாலு பாத்தி போட்டுக் காட்டியிருந்தாள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினாள். மண் நின்றது. அவ்வளவுதான் வித்தை.

அவள் போன பிறகு பன்னிரண்டு குடும்பமும் அதையே மூன்று ஏக்கருக்குச் செய்தது. கல் அடுக்கிப் படி கட்டினார்கள். ஓடையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் ஓய்வெடுக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். பீன்ஸ் விதை ஒரு டின் வாங்கியவன் அறுவடைக்குப் பிறகு ஒன்றரை டின் திருப்பித் தர வேண்டும். பேர் வெட்டப்பட்டவர்கள் காய்கறித் தோட்டத்தில் பாடுபடும்வரை லயத்திலும் இருக்கலாம் என்று சென்ற வாரம்தான் துரை ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை. ஒரு காய், ஒரு பருக்கைகூட வேலி தாண்டிக் காட்டுக்குப் போகக் கூடாது.

எமர்ஜென்சி தொடங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது; வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களைப் பட்டினி போட்டுப் பிடிப்பதுதான் திட்டம். அந்த நிபந்தனையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை முதன்முதலாகக் கோஸ் வெட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை போலீஸ் கான்வாயோடு முதல் லோரி மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்க வேண்டும்.

நடுவில் இந்த இலை.

*

செல்லையாவின் அண்ணன் நாகரத்தினம் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். பெரிய கங்காணி. கோட்டுப் பையில் விசில் தொங்கும்.

"யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

"யாரு?"

"உன் தோட்டத்து ஜாகாதான். தங்கையா. ராப்பகலா அங்கதானே காவல் கிடக்கான்? பேர் வெட்டின ஆத்திரம். துரைகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன?"

"பாக்காம எப்படிச் சொன்னீங்க?"

"டேய், நீ காலேஜ் படிச்சவன். கேள்வி கேப்பே. நான் ஆள் மேய்க்கிறவன். எவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியும்."

"அவருக்கு எழுபது வயசு அண்ணே. கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஊர்ல அவருக்கு யாரு இருக்கா?"

"அதைச் சோறு வைக்கும்போது யோசிச்சிருக்கணும்."

செல்லையா அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஒரு வருஷமாக வேலைப் பேச்சைத் தவிர இருவரும் பேசியதில்லை.

"உங்களுக்குத் தோட்டம் அழிஞ்சு போகணும். அதானே?"

நாகரத்தினம் மறைக்கவில்லை. "ஆமா. முந்தியெல்லாம் பேர் போனவன் என் வாசல்ல வந்து நிப்பான். 'கங்காணி, துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு நிப்பான். இப்ப எவன் வர்றான்? எல்லாம் கோஸுக்குத் தண்ணி ஊத்துறான். நாளைக்கு என் விசிலுக்கு எவன் திரும்பிப் பாப்பான்?"

"சரோஜாவுக்கு வலி எடுத்த ராத்திரி நான் உங்க வாசல்ல நின்னேன்," என்றான் செல்லையா. "கார் கேக்க துரை பங்களாவுக்கு நீங்க போகலே."

"ஊரடங்கு. சுட்டிருப்பான்."

"ஆமா. சொன்னீங்க."

நாகரத்தினம் விசிலைத் தடவியபடி போய்விட்டார்.

*

பத்து மணிக்கு ஷஹாபுதீன் காக்கா ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். எஸ்டேட் கடை அவருடையது. வெள்ளிக்கிழமை லோரியும் அவருடையதுதான்.

செல்லையா போனபோது காக்கா ஒரு பால் டின்னில் ஆணி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். டின்னைத் துளை போட்டுத்தான் விற்க வேண்டும். துளை போட்ட பால் காட்டுக்குப் போய்ச் சேருமுன் புளித்துவிடும் என்பது சர்க்கார் கணக்கு.

"கிராணியாரே, என் லோரி வராது லா."

"காக்கா..."

"போலீஸ் கேஸ் உள்ள காயை ஏத்தினா என் லைசென்ஸ் போயிடும். எனக்குத் தானா ராத்தா டவுன்லயும் ஒரு கடை இருக்கு. ரெண்டும் சேந்து மூடிடுவான். பெரிய சூசா, பெரிய தொல்லை."

"அஞ்சு மணிக்கு ஆள் தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சா வருவேன். உங்க பெஞ்சாதி சொல்லுக்காக ஒத்துக்கிட்டது. 'எங்க கோஸை உங்க லோரியில ஏத்தணும் காக்கா'ன்னு, நாலு பாத்தி போட்டுட்டு வந்து கேட்டுச்சு. சிரிச்சேன். நல்ல புள்ள."

செல்லையா தலையசைத்தான். அப்படித் தலையசைக்கப் பழகியிருந்தான்.

காக்கா ஆணியைக் கீழே வைத்தார். "அது சரி, சுருட்டும் கெடந்துச்சாமே? இங்க சுருட்டு குடிக்கிற ஆளு யாரு இருக்கா? எல்லாம் பீடிதான். போன வாரம் ஒண்ணே ஒண்ணு வித்தேன். அதுவும் பல்வலிக்குன்னு உங்க அண்ணி வாங்கிட்டுப் போனது."

"பல்வலிக்கா?"

"அப்படித்தான் சொல்லிச்சு. எந்தப் பல்லுன்னு நான் கேக்கலே லா."

*

தங்கம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்து மறுபடி குனிந்துகொண்டாள்.

"கிராணியார் வீட்டுக்கெல்லாம் வர்றாரே. என்ன அதிசயம்?"

"கையைக் காட்டுங்க அண்ணி."

"எதுக்கு? ஜோசியம் பாக்கவா?"

குழவி நின்றது. வலது முன்கையில் முழங்கைவரை மூன்று சிவப்புக் கோடு. முள்கம்பி கிழித்தால் அப்படித்தான் இருக்கும்.

அவள் முந்தானையை இழுத்து மூடவில்லை.

"ஆமா. நான்தான். முதல் கோஸ் அறுத்தோம். முனியாண்டிக்கு வைக்காம எவன் தின்னுவான்? உங்க துரை தின்னுவான். நான் தின்ன மாட்டேன்."

முனியாண்டி என்றால் ஒரு கல். தோட்டத்தின் கீழ் எல்லையில், காட்டு விளிம்பில், மஞ்சள் பூசி நிற்கும். அந்த மலையில் முதல் தேயிலை நட்டவர்கள் வைத்த கல். போன மாதம் வேலி போட வந்தவர்கள் அளவு பார்த்துக் கல்லை வெளியே விட்டுவிட்டார்கள். கம்பிக்கும் கல்லுக்கும் ஒரு கை தூரம்.

"வேலிக்கு வெளியே வெச்சிருக்கீங்க அண்ணி."

"எது வெளியே? கல்லுதான் எல்லை. கல்லு வரைக்கும் நம்ம இடம். நேத்து வந்த கம்பிக்கு அது தெரியுமா?"

அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள் என்பது செல்லையாவுக்குப் புரிந்தது. அந்த லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புவார்கள். அவர்களுக்கு எல்லை கல்தான். கம்பி துரையுடையது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

"அவரு தங்கையா பேரைச் சொல்லிட்டாரு."

குழவி ஒருமுறை உருண்டது. "சொன்னா?"

"அஞ்சு மணிக்குப் பிடிச்சிட்டுப் போவாங்க."

"எனக்கு மூணு பொட்டப் புள்ள இருக்கு. அந்தக் கிழவனுக்கு யாரு இருக்கா?"

"நீங்களே வந்து சொல்லிடுங்க. சாமிக்கு வெச்சதுன்னு சொல்லிப் பாக்கலாம்."

"மாட்டேன். நீ போய்ச் சொல்லு. உனக்கு என்ன? சந்தோசமாச் சொல்லுவே." அவள் எழுந்து நின்றாள். மிளகாய்க் கையை இடுப்பில் ஊன்றினாள். "அன்னிக்கு 'தலைப்பிரசவம், விடியட்டும்'னு நான்தானே சொன்னேன்? அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தானே ஒரு வருசமா என் மூஞ்சியைப் பாக்காம திரியுறே? இப்பப் பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ."

செல்லையா பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி. அஞ்சு மணிக்குத் தோட்டத்துக்கு வாங்க. எல்லாரும் வரணும்னு உத்தரவு."

"வருவேன். வந்து வாயை மூடிட்டு நிப்பேன்."

*

ஐந்து மணிக்கு மலையில் மறுபடி பனி ஏறத் தொடங்கியிருந்தது.

ஆபீசர் வெள்ளைக்காரர், இளம் வயசு. லோரி நிறையப் போலீஸ். துரை ஆபீசர் பக்கத்தில் நின்றார். லயமே தோட்டத்துக் கீழ்வேலியோரம் நின்றது. வேலிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே மஞ்சள் கல். அதைச் சுற்றிப் பூட்ஸ் தடங்களுக்கு வட்டம் போட்டிருந்தார்கள்.

நாகரத்தினம் முன்னால் வந்தார். விடியற்காலையில் தங்கையா கையில் இலையோடு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். காலையில் பார்க்கவில்லை. மாலையில் பார்த்துவிட்டார். செல்லையா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான்.

தங்கையாவைக் கேட்டார்கள்.

"இலையா? இங்க ஆயிரம் கோஸ் இருக்கு. எந்த இலைன்னு கேளுங்க கிராணி," என்றார் கிழவர். "என்னைப் பிடிக்கணும்னா பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. உள்ளே மூணு வேளை போடுவானாமே. இங்க ரேஷன் ஒரு வேளைக்குத்தான் வருது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆபீசர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு போலீஸ் தங்கையாவின் இரண்டு கையையும் பிடித்தார்கள்.

தங்கம்மா பெண்கள் வரிசையில் நின்றாள். சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு, முந்தானையைக் கைவரை இழுத்துவிட்டு நின்றாள்.

ஆபீசர் கல்லைக் காட்டி ஏதோ சொன்னார். செல்லையா திருப்பிச் சொன்னான்.

"இந்தக் கல்லு காட்டுக்காரனுக்கு அடையாளமா இருக்காம். இனிமே இது இங்க இருக்கக் கூடாது. பிடுங்கி ஓடையில தள்ளணும்."

யாரும் நகரவில்லை. அந்த மலையில் அந்தக் கல்லில் கை வைக்கும் ஆள் கிடையாது.

ஒருவர் மட்டும் நகர்ந்தார். நாகரத்தினம் ஒரு போலீஸ்காரன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார். வேலிக்கு வெளியே போனார். கடப்பாரையைக் கல்லின் அடியில் கொடுத்து நெம்பினார். மஞ்சள் உதிர்ந்தது.

"கையை எடுங்க!"

அந்தக் குரலுக்கு மலை திரும்பக் குரல் கொடுத்தது. தங்கம்மா வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள்.

"அதுமேல கையை வெச்சீங்கன்னா நான் தாலியைக் கழட்டி இங்கயே எறிஞ்சிடுவேன். எடுங்க கையை!"

கடப்பாரை அப்படியே நின்றது.

"நான்தான் வெச்சேன்." அவள் ஆபீசரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "முதல் காய் அறுத்தா முனியாண்டிக்குத்தான். மூணு பிடி சோறு. என் பங்குச் சோறு. நான் பட்டினி கிடந்தேன். சுருட்டு வெச்சேன். கல்லு வரைக்கும் எங்க இடம். கம்பி போட்டவனைக் கேளு. அந்தக் கிழவனை விடு."

நாகரத்தினத்தின் முகம் சாம்பலாகியது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. செல்லையாவைப் பார்த்தார். மொழிபெயர்க்காதே என்று கெஞ்சியது அந்தப் பார்வை. அண்ணன் அவனிடம் எதையாவது கேட்பது அதுவே முதல் முறை.

ஆபீசரும் செல்லையாவைத்தான் பார்த்தார்.

செல்லையா சொன்னான். மூன்று பிடி, பங்குச் சோறு, பட்டினி, கல், கம்பி. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. முந்தானையை விலக்கச் சொன்னார்கள். கோடுகளைப் பார்த்தார்கள். தங்கையாவின் கைகளை விட்டார்கள்.

ஆபீசர் ஒரு கேள்விதான் கேட்டார். சோற்றைத் தின்றது யார் என்று அவளுக்குத் தெரியுமா?

செல்லையா கேட்டான்.

தங்கம்மா காட்டைப் பார்த்தாள்.

"முனி தின்னுச்சோ, பசியில வந்த எவன் தின்னானோ. சாமிக்கு வெச்ச சோத்தைப் பசிச்சவன் தின்னா சாமி கோவிக்காது. மறுபடி கேட்டாலும் வைப்பேன்."

காற்று கோஸ் இலைகளை ஒருமுறை புரட்டியது.

சாமிக்கு வைத்தவளுக்கு விசாரணை, இரண்டு மூன்று நாள் காவல், எச்சரிக்கை. தெரிந்தே காட்டுக்காரனுக்குச் சோறு போடுவேன் என்பவளுக்குப் பல வருஷச் சிறை. அல்லது கப்பல். மூன்று பெண் பிள்ளைகளும் வரிசையின் ஓரத்தில் நின்றார்கள். கடைசிக் குழந்தை மூத்தவள் இடுப்பில் இருந்தது.

விடியட்டும் என்று அன்றைக்குச் சொன்னதும் இதே வாய்தான்.

"முனி தின்றது என்று சொல்கிறாள்," என்றான் செல்லையா, இங்கிலீஷில்.

ஆபீசர் உதட்டைச் சுழித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். கல்லை அப்படியே விடச் சொன்னார். அதற்கு மேல் நேரத்தை வீணாக்க அவருக்கு விருப்பமில்லை. பனி இறங்குமுன் பாதையைக் கடக்க வேண்டும்.

தங்கம்மாவை லோரியில் ஏற்றினார்கள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். புருஷனை அல்ல, செல்லையாவைப் பார்த்தாள். அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்றே நினைத்தாள்.

"இப்ப உன் மனசு குளுந்துச்சா?"

"உங்க வரிசையில இருபது கோஸ் நிக்குது," என்றான் செல்லையா. "வெட்டி லோரியில ஏத்திடுறேன்."

அவள் காறித் துப்பினாள். லோரி கிளம்பியது.

கூட்டம் கலைந்தது. நாகரத்தினம் கடப்பாரையோடு கல்லருகேயே நின்றார். விசில் கோட்டுக்கு வெளியே தொங்கியது. யாரும் அவரைக் கடந்து போகவில்லை. எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். தங்கையா மட்டும் பாத்தியில் உட்கார்ந்து, கூட்டம் மிதித்த குச்சிகளை மறுபடி குறுக்கே அடுக்கத் தொடங்கினார்.

செல்லையா கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணியின் வரிசைக்குப் போனான். முதல் கோஸை வெட்டினான். இரண்டாவதை வெட்டினான். இரண்டையும் கூடையில் வைத்தான்.

பின்னால் பூட்ஸ் சத்தம். துரை. தனியாக வந்திருந்தார். குனிந்து ஒரு கோஸைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் உருட்டினார்.

"நல்ல காய்," என்றார்.

தமிழில்.

செல்லையா நிமிர்ந்தான்.

"அந்தப் பொம்பளை சொன்னதிலே பாதிதான் நீ ஆபீசர்கிட்டே சொன்னே, கிராணி." ஒவ்வொரு வார்த்தையும் பாடம் ஒப்பிப்பதுபோல் தனித்தனியாக வந்து விழுந்தது. துரை கோஸைக் கூடையில் மெதுவாக வைத்தார். "லோரி காலையிலே ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு நீ ஆபீசுக்கு வா. மத்தப் பாதியை எனக்கு எழுதிக் கொடு. அப்புறம் லோரி போகுமா, போகாதான்னு நான் சொல்றேன்."